ப்ரெவோ பஸ் வீடு: காற்றும் எடையும் ஓட்டமும்

ஃபோர்டு எஃப்-53 சேஸியில் கட்டிய பெட்ரோல் மோட்டார்ஹோமைக் கொடுத்துவிட்டு, 2005 மாடல் ப்ரெவோ எச்3-45 பஸ் கன்வர்ஷன், அதாவது வீடாக மாற்றிய பஸ், ஒன்றுக்கு மாறியிருக்கிறோம். நாங்கள் இருப்பது வட கரோலினாவில், சார்லட் பக்கம். வண்டியைப் பார்க்க வரும் நண்பர்கள் உள்ளே ஏறி, கிரானைட் மேடையையும் தோல் இருக்கைகளையும் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். நான் அவர்களைக் கூட்டிப் போய்க் காட்டுவது பின்சக்கரத்துக்கு உள்பக்கம், ஸ்பிரிங் மாதிரி வண்டியைத் தாங்கும் ரப்பர் காற்றுப் பையான ஏர் பேக்கை. இந்த வண்டி சாலையில் எப்படிப் போகிறது என்பது பெரும்பாலும் அந்தக் காற்றின் கையில் இருக்கிறது. அதைச் சரிப்படுத்த என்னென்ன செய்தோம், செய்த பிறகு ஓட்டம் எப்படி மாறியது என்று எழுதி வைக்கிறேன். பழைய பஸ் கன்வர்ஷன் வாங்க யோசிப்பவர்களுக்குப் பயன்படும்.

ப்ரெவோ, கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் 1924-இல் தொடங்கிய கம்பெனி. இப்போது வால்வோ குழுமத்தைச் சேர்ந்தது. சுற்றுலா பஸ்தான் அவர்களுக்கு முக்கியத் தொழில். கூடவே, உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் கூட்டையும் விற்கிறார்கள். என்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், பிரேக், துருப்பிடிக்காத எஃகுச் சட்டம் எல்லாம் பஸ்ஸில் வருவதுதான். அந்தக் கூட்டை வாங்கி வீடாக்குவது வேறு கம்பெனிகள். புதிதாக ஒன்று செய்து வாங்க 20 லட்சம் டாலருக்கு மேல் ஆகும். இருபது வருடப் பழசு என்றால் புதிய பெட்ரோல் மோட்டார்ஹோமின் விலைக்கே கிடைக்கும். அப்படித்தான் எங்களுக்கும் கட்டுபடியானது.

பயணிகளை ஏற்றிக்கொண்டு பல லட்சம் மைல் ஓடுவதற்கென்று செய்த சட்டமும் என்ஜினும் எங்கள் உபயோகத்தில் தேயப்போவதில்லை. ரப்பரும் நைலான் குழாயும் அப்படியில்லை. வண்டி ஷெட்டிலேயே நின்றாலும் அவற்றுக்கு வயதாகிக்கொண்டே இருக்கும். எங்கள் வேலை முழுக்க அங்கேதான் இருந்தது.

பஸ்ஸில் காற்று எங்கெல்லாம் போகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிரேக், சஸ்பென்ஷன் இரண்டும் எல்லாருக்கும் தெரிந்தவை. இவை போக, கடைசி ஆக்ஸிலைத் தூக்குவது, வெளியே நீளும் ஸ்லைடு அறையைச் சுற்றி ஊதி அடைக்கும் ரப்பர் சீல், குளியலறையின் சறுக்குக் கதவு, வாசல் படியை மூடும் பலகை என எல்லாவற்றுக்கும் காற்றுதான். என்ஜினில் உள்ள கம்ப்ரெசர் டாங்குகளை நிரப்பி, காற்றழுத்தம் சுமார் 120 பி.எஸ்.ஐ. வந்ததும் நின்றுவிடும். டாஷில் இரண்டு முள். 60-க்குப் பக்கத்தில் இறங்கினால் பஸ்ஸர் கத்தும். இன்னும் இறங்கினால் பார்க்கிங் பிரேக்கின் ஸ்பிரிங் தானாகவே பிடித்துக்கொள்ளும். காற்று போனால் வண்டி நிற்கும்படி செய்த ஏற்பாடு அது.

எங்கள் வண்டியை மாலையில் மட்டமாக நிறுத்தினால் காலையில் இடது பின்பக்கம் நான்கு விரற்கடை இறங்கியிருக்கும். இரவில் சின்ன மின்சார கம்ப்ரெசர் அடிக்கடி தானாக ஓடும் சத்தமும் கேட்கும். பழைய பஸ் என்றால் இதெல்லாம் சகஜம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது என்பது என் கருத்து. நிறுத்தியிருக்கும்போது இறங்குகிற மூலை, ஓடும்போதும் சரியான உயரத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது. உயரம் தவறினால் சஸ்பென்ஷனுக்கு மேலும் கீழும் போக இடம் குறையும். பின்னால் என்ஜின் உள்ள பஸ்ஸில், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் குட்டையானது என்பதால், ஆக்ஸில் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அதன் கோணம் சட்டென்று மாறி அதிர்வு வரும்.

கீழே போவதற்கு முன் ஒரு விஷயம். காற்றில் நிற்கும் பஸ்ஸுக்கு அடியில் வெறுமனே படுக்கவே கூடாது. ஒரு குழாய் கழன்றால் போதும், இருபது டன்னுக்கு மேல் எடையுள்ள உடல் ஒரு நொடியில் இறங்கிவிடும். ஊர்ந்து வெளியே வர நேரம் இருக்காது. இப்படி உயிர் விட்டவர்கள் உண்டு. ஜாக் கொடுக்கும் இடங்களில் கனமான ஸ்டாண்டு வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, காற்றை முழுவதும் இறக்கினாலும் உடல் ஸ்டாண்டின் மேல்தான் உட்காரும் என்று பார்த்த பிறகே நான் தலையை உள்ளே நீட்டுவேன். நண்பர் ஒருவர் வெளியே நிற்பார். இதில் சமரசம் கிடையாது.

கசிவைத் தேட சோப்புத் தண்ணீரை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் இத்தனை இணைப்புகளில் எங்கே தொடங்குவது? முதலில் வீட்டுப் பக்கக் காற்றை அடைத்தேன். கதவு, படி, சீல் எல்லாம் ஒரே வால்வுக்குப் பின்னால் இருந்ததால் இது சுலபமாக முடிந்தது. அன்று இரவு கம்ப்ரெசர் ஓடுவது வெகுவாகக் குறைந்தது. இடது மூலை மட்டும் வழக்கம்போல் இறங்கியது. ஆக, கசிவு இரண்டு இடத்தில். மூலை இறங்குவதற்குக் காரணம் அந்த மூலையிலேயே இருக்கிறது.

எச்3-45-இன் உடல் மூன்று ரைடு ஹைட் வால்வுகளை நம்பி நிற்கிறது. முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கம் இடம் வலம் தலா ஒன்று. வால்வு உடலோடு இருக்கும். அதன் கையை ஒரு சின்னக் கம்பி ஆக்ஸிலோடு இணைக்கும். உடல் இறங்கினால் கை மேலே போய்க் காற்றை உள்ளே விடும். ஏறினால் வெளியே விடும். நின்ற இடத்தில் மட்டம் செய்ய வேண்டுமென்றால், கன்வர்ஷனில் லெவல் லோ என்ற தனி ஏற்பாடு இந்த மூன்றையும் ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சுவிட்சால் காற்றை ஏற்றி இறக்கும்.

இடது பின் வால்வின் வெளியேற்றும் துளையில் சோப்புத் தண்ணீரை விட்டதும் ஒரு குமிழி மெதுவாகப் பெருத்து, உடைந்து, மறுபடி பெருத்தது. உள்ளே சீல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதோடு முடியவில்லை. டார்ச்சை உள்ளே திருப்பினால், பின் ஆக்ஸில் இரண்டில் என்ஜின் சுழற்றும் டிரைவ் ஆக்ஸிலின் ஏர் பேக்கில் ரப்பர் மடிந்து உருளும் இடத்தில் சுற்றிலும் வெடிப்பு. ஒரு இடத்தில் விரல் நகத்தால் விலக்கிப் பார்த்தால் உள்ளே நூல் தெரிந்தது. சோப்புக்கு அது குமிழி விடவில்லை. ஆனால் நூல் தெரிகிற பேக்கை வைத்துக்கொண்டு மலைப்பாதையில் போக முடியாது. டிரைவ் ஆக்ஸிலில் இருக்கும் நான்கும் ஒரே வயதுடையவை. நான்கையும் மாற்றுவது என்று முடிவானது.

வால்வு மாற்றுவது சின்ன வேலை. குழாய்களில் வண்ண டேப் ஒட்டி அடையாளம் வைத்து, வளையத்தை அழுத்திப் பிடித்து உருவ வேண்டும். பழைய நைலான் குழாயின் முனையில் கோடு விழுந்திருக்கும். அதை அப்படியே புதிய வால்வில் சொருகினால் கசியும். அரை அங்குலம் வெட்டி எறிந்துவிடுங்கள். கத்தியால் சாய்வாக வெட்டாமல், குழாய் வெட்டியால் நேராக வெட்ட வேண்டும். அப்புறம் கம்பியின் நீளத்தைச் சரி செய்து, சர்வீஸ் கையேட்டில் சொன்ன உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். இங்கே அவசரம் ஆகாது. ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் காற்றை வீணாக்கக் கூடாது என்பதற்காக வால்வு தாமதமாகத்தான் வேலை செய்யும். கம்பியைத் திருகி, காத்திருந்து, அளந்து, மறுபடி திருக வேண்டும்.

ஏர் பேக் வேலை உடம்பு வேலை. நட்டுகளுக்கு முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் அடித்து வைத்திருந்தோம். சட்டம் துருப்பிடிக்காத எஃகு என்பதன் அருமை இங்கேதான் தெரிந்தது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாட்டில் இருபது வருடம் ஓடிய வண்டி, பேக் உட்காரும் தட்டைக் கம்பி பிரஷால் தேய்த்ததும் பளிச்சென்று வந்துவிட்டது. முன்பக்க ஷாக் அப்சார்பர்களையும் சேர்த்து மாற்றினோம். கழற்றிய பழைய ஷாக்கைக் கையால் அழுத்தினால் எந்த எதிர்ப்பும் இல்லாமல் உள்ளே போனது.

அடுத்தது டயர். முன் டயர்களில் பட்டன் ஆழமாகத்தான் இருந்தது. பார்த்தால் புதுசு மாதிரி. பக்கவாட்டில் இருக்கும் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் படிக்க வேண்டும். முதல் இரண்டு டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு வருடம். ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும், பத்து வருடத்துக்கு மேல் எந்த நிலையில் இருந்தாலும் வேண்டாம் என்பது மிஷலின் சொல்லும் கணக்கு. மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து சாவது அபூர்வம். நின்று நின்றே முதுமையடையும். இந்த வண்டியில் ஓட்டுநர் உட்காருவது முன்சக்கரத்துக்கும் முன்னால். முன் டயர் வெடிப்பதைப் பற்றி யோசித்தாலே போதும், செலவுக்கு மனம் தயங்காது. 315/80ஆர்22.5 அளவில் இரண்டு புதுசு போட்டோம்.

டயரில் எவ்வளவு காற்று என்பதை எடைதான் சொல்ல வேண்டும். தண்ணீர், டீசல், சாமான், குடும்பம் எல்லாம் ஏற்றிக்கொண்டு லாரிகள் எடை போடும் கேட் ஸ்கேலுக்குப் போனோம். முன் ஆக்ஸில் 15,400 பவுண்டு. பின் இரண்டு ஆக்ஸிலும் நெருக்கமாக இருப்பதால் ஒரே தட்டில் சேர்ந்து நின்றன: 33,400. மொத்தம் 48,800. பழைய வண்டி முழுச் சுமையோடு 22,000 பவுண்டு தாங்கும் சேஸி. இது அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். டயர் கம்பெனியின் சுமை அட்டவணையில் முன் சக்கரம் ஒன்றுக்கு 7,700 பவுண்டு என்று பார்த்து, அது சொன்ன காற்றுக்கு மேல் 5 பி.எஸ்.ஐ. கூட்டி வைத்தேன். அதற்கு முன் வண்டியில் இருந்தது டயரின் உச்ச அளவுக் காற்று. உச்சத்தில் வைத்தால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். சாலையின் சின்னச் சின்னப் பிளவெல்லாம் ஸ்டியரிங்குக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, ஓட்டம்.

வட கரோலினாவில் 26,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டி என்றால், சொந்த உபயோகத்துக்கே ஆனாலும் கிளாஸ் பி உரிமம் வேண்டும். அதற்காகப் பழகியபோது, லாரி ஓட்டி ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் காலியான பார்க்கிங்கில் கூம்புகளை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: உன் உடம்பு திருப்பத்தைத் தாண்டிப் போகும்வரை ஸ்டியரிங்கைத் திருப்பாதே. முன்சக்கரம் நமக்குப் பின்னால் இருப்பதால், வழக்கமான இடத்தில் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் நடைமேடையில் ஏறிவிடும். எதிரே சுவரும் புல்வெளியும் கண்ணாடிக்கு நேராக நெருங்கி வரும். நம் கால் சாலையைத் தாண்டிவிட்டது போல் இருக்கும். அப்போது திருப்பினால் அத்தனையும் சரியாக வரும். வால்பக்கத்தை மறக்கக் கூடாது. கடைசி ஆக்ஸிலுக்குப் பின்னால் தொங்கும் நீளம், நாம் இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் வீசும். பெட்ரோல் பங்கில் பம்பை ஒட்டி நின்றால் நேராக முன்னால் போய்விட்டுத்தான் திருப்ப வேண்டும்.

நெருக்கமான இடங்களில் ஒரு சுவிட்ச் கைகொடுக்கிறது. கடைசி ஆக்ஸிலின் காற்றை விட்டுவிட்டால் வண்டி டிரைவ் ஆக்ஸிலின் மேல் சுழலும். சக்கர இடைவெளி குறைந்ததற்குச் சமம். ஈரமான புல் கேம்பில் டிரைவ் சக்கரத்துக்குப் பிடிப்பும் கூடும். ஆனால் கடைசி ஆக்ஸிலின் எடையும் டிரைவ் ஆக்ஸிலில் ஏறுகிறது, முன்பக்கம் கொஞ்சம் இலகுவாகிறது. ஆகையால் ஊர்ந்து போகும் வேகத்துக்கு மட்டும்தான் இது.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கூரை ஆன்டெனாவோடு நான் அளந்தது 12 அடி 7 அங்குலம். எங்கள் மாநிலத்தில் டர்ஹம் நகரில், லாரிகளின் கூரையை உரிப்பதற்குப் பேர்போன ரயில் பாலம் ஒன்று இருக்கிறது. 11 அடி 8 அங்குலமாக இருந்ததை 2019-இல் 12 அடி 4 அங்குலமாகத் தூக்கினார்கள். தூக்கிய பிறகும் எங்கள் வண்டி அதற்குள் போகாது. உயரத்தை எழுதி டாஷில் ஒட்டியிருக்கிறேன். லாரிகளுக்கான வழிகாட்டியில்தான் பாதை பார்க்கிறோம்.

நெடுஞ்சாலைக்கு வருவோம். பழைய எஃப்-53-இல் 6.8 லிட்டர் வி10 என்ஜின் முன்னால், இரண்டு இருக்கைக்கும் நடுவில். ஏற்றத்தில் கியர் இறங்கி என்ஜின் உச்சத்துக்குப் போனால் பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். பெரிய லாரி ஒன்று தாண்டும்போது முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். ஸ்டியரிங்கை முன்கூட்டியே பிடித்துத் தயாராக இருப்பேன். மாலையில் தோள் வலிக்கும்.

எச்3-இல் என்ஜின் நாற்பது அடி பின்னால். டெட்ராய்ட் சீரிஸ் 60, 14 லிட்டர், 515 குதிரைத்திறன். 65 மைல் வேகத்தில் 1,450 ஆர்.பி.எம்-ஐ ஒட்டி ஓடுகிறது. முன்னால் கேட்பது காற்றின் சத்தமும் டயரின் மெல்லிய ஓசையும்தான். சென்னையிலிருந்து மதுரைக்கு இரவில் போகும் வால்வோ பஸ்ஸின் முன் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த அமைதி தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் இதை முதலில் கவனித்தது என் மனைவி. "என்னங்க, டம்ளர் சத்தமே வரலையே" என்றாள். பழைய வண்டியில் எவர்சில்வர் பாத்திரங்களை எந்தத் துணியில் சுற்றி வைத்தாலும் வழி முழுக்க ஒலித்துக்கொண்டே வரும்.

காற்றுக்குப் பேர்போன இடம் ஐ-77-இல் வர்ஜீனியா எல்லை தாண்டியதும் வரும் ஃபேன்சி கேப் ஏற்றம். பனிமூட்டத்துக்கும் குறுக்குக் காற்றுக்கும் எச்சரிக்கைப் பலகைகள் வரிசையாக நிற்கும். ஏர் பேக், ஷாக் மாற்றும் முன் அங்கே போனபோது வண்டி பக்கவாட்டில் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் ஒரு முறை சாய்ந்த பிறகே அடங்கியது. வேலை முடிந்தபின் அதே ஏற்றத்தில் காற்று அடித்தது தெரிந்தது. உடல் ஒரு முறை நகர்ந்து அப்படியே நின்றது. உயரமான தட்டைப் பக்கங்கள் கொண்ட வண்டி இது. காற்றே தெரியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் திருத்த வேண்டிய அளவு விரலளவுதான். லாரிகள் தாண்டும்போது ஸ்டியரிங்கை நான் இப்போது கூடுதலாகப் பிடிப்பதில்லை.

இறக்கம்தான் எனக்கு முக்கியம். ஐ-40-இல் ஆஷ்வில்லிலிருந்து கிழக்கே வந்தால் ஓல்டு ஃபோர்ட் மலை. ஆறு சதவீதச் சரிவு, மைல் கணக்கில் நீளும். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்க மணல்மேட்டுப் பாதைகள் போட்டிருக்கிறார்கள். எங்கள் அலிசன் கியர்பாக்ஸில் ரிடார்டர் இருக்கிறது. கியர்பாக்ஸ் எண்ணெயின் எதிர்ப்பாலேயே டிரைவ் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு. உச்சியிலேயே கியரை இறக்கி, வேகம் 40-க்குள் வந்தபின் ரிடார்டரைப் படிப்படியாகக் கூட்டினேன். பிரேக் மிதியை அவ்வப்போது தொட்டதோடு சரி. கீழே வந்து பார்த்தால் சக்கர நடுவில் சூடு சாதாரணமாக இருந்தது. சூடெல்லாம் எண்ணெய்க்குப் போய் ரேடியேட்டர் வழியாக வெளியேறுவதால், கண் கியர்பாக்ஸ் வெப்ப முள்ளில் இருக்க வேண்டும். மழையில், பனியில் ரிடார்டரை அணைத்துவிடுவேன். டிரைவ் சக்கரம் மட்டும் பிடிபட்டால் வழுக்கும்.

அதே மலையில் ஏறும்போது 1,200 ஆர்.பி.எம்-இல் 1,650 பவுண்டு-அடி டார்க் (சுழற்றும் விசை) என்ன செய்யும் என்று பார்த்தேன். வேகம் குறைந்தது, என்ஜின் அலறவில்லை. டீசல் ஒரு கேலனுக்கு ஆறரை மைலை ஒட்டி வருகிறது. பழைய வண்டியைவிட ஒரு மைல் குறைவு. 2010-க்கு முந்தைய என்ஜின் என்பதால், டீசல் புகையைச் சுத்தப்படுத்தும் டெஃப் திரவம் ஊற்றும் வேலை இல்லை.

இன்னும் பாக்கி இருக்கிறது. வீட்டுப் பக்கக் கசிவில் ஒன்று குளியலறைக் கதவை நகர்த்தும் சிலிண்டரில் என்று கண்டுபிடித்துவிட்டேன். சீல் ஆர்டர் போட்டாயிற்று. பின் டயர்களுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதற்கு முன் ஏர் டிரையரின் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும். காற்றிலிருந்து ஈரத்தைப் பிரிப்பது அதுதான். அது சோர்ந்தால் குளிர்காலத்தில் குழாயில் தண்ணீர் உறைந்து பிரேக் வால்வு ஒட்டிக்கொள்ளும். கார்ட்ரிட்ஜ் வந்து கராஜில் இருக்கிறது. முதல் உறைபனிக்கு முன் மாட்டிவிட்டு, டாங்குகளின் அடி வால்வைத் திறந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்க்க வேண்டும்.